பின் இருக்கை

மெக்கானிக் ஃபிர்மினோ பின் இருக்கையின் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

முன் இருக்கையில் உட்கார்ந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்த லெப்டினன்ட் ஒரேஸ்தே முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. யாராவது பின்னால் ஏறி உட்காரும்போது விமானத்தின் உடம்பு ஒருமுறை அசைந்து அடங்கும்; துணியும் கம்பியும் லேசாக முனகும். அந்த அசைவு அவனுக்கு மூச்சு விடுவதைப்போலப் பழகிப்போன ஒன்று. மெக்கானிக் பின்னாலிருந்து, "ரொம்ப இறுக்குதா சார்?" என்று கேட்ட பிறகுதான் ஒரேஸ்தேயின் கைகள் நின்றன.

"யாரைக் கேக்குற?"

ஃபிர்மினோ நிமிர்ந்தான். நாற்பது வயது, எண்ணெய் படிந்த நகங்கள், பல்லிடுக்கில் எப்போதும் ஒரு தீக்குச்சி. தன் கைகளைத் தானே பார்த்தான். முகம் சிவந்தது.

"பழக்கதோஷம் சார். மூணு மாசமா ஜெலிந்தோ சாருக்கு நான்தானே கட்டிவிடுவேன். கை தானாப் போயிடுச்சு. மன்னிச்சுடுங்க."

"கழட்டிடு. இன்னிக்கு நான் தனியாத்தான் போறேன்."

"தெரியும் சார். தபால் மூட்டை மட்டும்தான்."

ஃபிர்மினோ குனிவதற்குள் ஒரேஸ்தே திரும்பிப் பார்த்துவிட்டான். காலி இருக்கையில் பெல்ட் கட்டினால் அது பலகையோடு தட்டையாகப் படிந்து கிடக்க வேண்டும். இது படியவில்லை. ஒரு ஆளின் வயிற்றளவுக்கு வளைந்து, காற்றில் நின்றது. புதுத் தோல், விறைப்பாக இருக்கும் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். புதுத் தோல் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

மார்ச் மாதம். அவர்கள் படையெடுத்து வந்திருந்த திக்ரே பீடபூமியில் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே தரை சூடாகிவிடும். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஓட்டிப் பழகிய விமானம் இந்த உயரத்துக் காற்றில் மூச்சிரைத்தபடிதான் எழும்பும். இரட்டை இறக்கை, இரண்டு இருக்கை. உளவு பார்க்கவும் சின்னக் குண்டுகள் போடவும் வந்த எந்திரம். 'ரோ' என்று கூப்பிடுவார்கள், வீட்டு நாயைக் கூப்பிடுகிற மாதிரி. முன்னால் இருப்பவன் ஓட்டுவான். பின்னால் இருப்பவன் வரைபடம் பார்ப்பான், படம் பிடிப்பான், துப்பாக்கி சுடுவான். இருவருக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய். பின்னால் இருப்பவனின் வாயருகே ஒரு புனல். மறுமுனை முன்னால் இருப்பவனின் தோல் தொப்பிக்குள் காதோடு ஒட்டியிருக்கும். எஞ்சின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது. அந்தக் குழாய் மட்டும் கேட்கும்.

வடக்கே காவல் முகாமுக்கு மேல் போய்த் தபால் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் அதைக் கேட்டான்.

காற்று என்றுதான் முதலில் நினைத்தான். புனலின் வாயில் காற்று பட்டால் ஊதல் சத்தம் வரும். ஆனால் இது ஊதல் இல்லை. உள்ளே இழுத்து, கொஞ்சம் தாமதித்து, வெளியே விடுகிற சத்தம். கடைசியில் ஒரு சின்ன விசில், மூக்கு அடைத்தவனுக்கு வருவதுபோல. ஜெலிந்தோவுக்குச் சிறு வயதில் மூக்கெலும்பு உடைந்திருந்தது. அவன் அப்படித்தான் மூச்சுவிடுவான். மூன்று மாதம், தினமும் நான்கு மணி நேரம், அந்த மூச்சு ஒரேஸ்தேயின் காதுக்குள் இருந்திருக்கிறது.

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. தரையிறங்கும்வரை தொப்பியைக் கழற்றவும் இல்லை.

*

மதியம் அதிகாரிகள் கூடாரத்தில் எல்லோரும் அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். பதினெட்டு நாளாக இப்படித்தான். அவன் நுழைந்தால் சீட்டாட்டம் நிற்கும்; யாராவது எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

"வா வா, நம்ம வீரன் வந்தாச்சு!" என்றார் கேப்டன் லகோரியோ. பெரிய வயிறு, பெரிய குரல். தன் தட்டிலிருந்த சோளக்களியில் பாதியை வெட்டி அவன் தட்டில் வைத்தார். "சாப்பிடுப்பா. ஞாயித்துக்கிழமை பதக்கம் குத்தணும், நெஞ்சுல கொஞ்சம் சதை வேணாமா? எலும்புல குத்தினா ஊசி வளைஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரேஸ்தேயும் சிரித்தான்.

அவர்கள் அறிந்த கதை இதுதான். ஒரு மலைக்கிராமத்துக்குப் பக்கத்தில் விமானத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்து, இருவரும் புல்வெளியில் இறங்கினார்கள். எதிரிகள் சூழ்ந்தார்கள். ஜெலிந்தோ மார்பில் குண்டு பட்டு ஒரேஸ்தேயின் கைகளில் உயிரை விட்டான். குழாயைக் கம்பியால் கட்டி, தோட்டா மழைக்கு நடுவே ஒரேஸ்தே விமானத்தை மீட்டுக்கொண்டு வந்தான்.

நடந்தது வேறு.

குழாய் வெடித்தது உண்மை. கட்டியதும் உண்மை, இருவரும் சேர்ந்து இருபதே நிமிடத்தில் கட்டினார்கள். ஜெலிந்தோ தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அதைச் சுற்றினான். "எங்கம்மா குடுத்த பட்டுத் துணிடா. எண்ணெய் ஆச்சு, என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு விமானம் எழும்ப வேண்டிய ஓடுபாதையில் கிடந்த கற்களைப் பொறுக்கிப் போட நாற்பதடி முன்னால் போனான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிராமத்துப் பக்கம் வெள்ளை வெள்ளையாக ஆட்கள் தெரிந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கிராமத்துக் கிணற்றுப் பாதையில் இவர்கள் நான்கு குண்டு போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் கையில் துப்பாக்கி இருந்ததா, கம்பு இருந்ததா, ஒன்றுமே இல்லையா, ஒரேஸ்தேவுக்கு இன்றுவரை தெரியாது. பார்க்கவில்லை. கை தானாக முன்னால் போயிற்று. எஞ்சின் உறுமிற்று.

ஜெலிந்தோ கல்லும் கையுமாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். தனக்காகத்தான் விமானத்தைக் கொண்டுவருகிறான் என்று நினைத்தான். பக்கத்தில் வந்தும் வேகம் குறையாததைக் கண்டு கல்லைப் போட்டுவிட்டு, கீழ் இறக்கையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். பத்தடி. இருபதடி. "டேய் ஒரேஸ்தே! நில்லுடா! டேய்!" அவன் முகத்தில் அப்போதும் பாதிச் சிரிப்பு இருந்தது, இது ஏதோ விளையாட்டு என்பதுபோல. பிறகு கை வழுக்கியது. வால் இறக்கை அவன் காலில் மோதிய அதிர்வு நெம்புகோல் வழியாக ஒரேஸ்தேயின் உள்ளங்கைக்கு வந்தது. விமானம் எழும்பிற்று.

"உனக்கு ஒரு கடிதம்," என்றார் கேப்டன், குரலைத் தணித்து. "ஜெலிந்தோவோட அப்பா. ஊர்ல முடிதிருத்துற கடை வெச்சிருக்கார்."

பென்சில் எழுத்து. 'என் மகன் உங்கள் கைகளில் உயிர்விட்டான் என்று கேப்டன் எழுதியிருந்தார். அவன் தனியாகச் சாகவில்லை என்பது என் மனைவிக்குப் பெரிய ஆறுதல். நீங்கள் திரும்பி வரும்போது அந்தக் கைகளை ஒருமுறை நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.'

ஒரேஸ்தே கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டான். யாரும் அவற்றைப் பார்க்கக் கூடாதென்று தோன்றிற்று.

*

அவனுக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தான். நெல்லோ, இருபத்திரண்டு வயது, வாய் ஓயாதவன். "பயப்படாதீங்க, எனக்கு ராசி ஜாஸ்தி. மூணு தடவை கல்யாணம் நின்னிருக்கு" என்று சொல்லி, மெக்கானிக்குகள் சிரிக்கச் சிரிக்க ஏறி உட்கார்ந்தான்.

பத்து நிமிடம்தான் பறந்தார்கள். குழாயில் பேச்சே வரவில்லை. திடீரென்று விமானத்தின் பக்கத்தை யாரோ வெறிகொண்டு அறையும் சத்தம் கேட்டது. ஒரேஸ்தே திரும்பி வந்து இறக்கினான். சக்கரம் நிற்பதற்கு முன்பே நெல்லோ குதித்தான். கூடாரங்களின் பக்கம் நடந்தான். ஓடவில்லை, ஓடினால் துரத்தும் என்பதுபோல மெதுவாக நடந்தான்.

ஒரேஸ்தே அவனைப் பிடித்து நிறுத்தினான். "என்னாச்சு?"

நெல்லோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் இனிமே அதுல ஏறமாட்டேன் சார். கோர்ட்டுக்கு அனுப்பினாலும் சரி."

"எதுக்கு?"

"இடமில்ல சார்."

"என்ன இடமில்ல?"

"ஒக்கார இடமில்ல." அவன் குரல் கம்மியது. "தள்ளிக்கோ, தள்ளிக்கோன்னு… விடுங்க சார்."

அன்று மாலை கேப்டன் சிரித்துக்கொண்டே, "பையனுக்கு வயித்துக்கோளாறு" என்றார். ஒரேஸ்தே தலையாட்டினான்.

மறுநாள் தெஸ்ஃபாய் அவனைத் தேடி வந்தார். அஸ்மாரா பக்கத்துக்காரர், மொழிபெயர்ப்பாளர். நரைத்த தாடி, வெறுங்கால், அளந்து பேசுகிற மனிதர். துவைத்துக் காய்ந்த சட்டையை ஒரேஸ்தே மடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும். அந்த மலைக்கிராமத்திலேர்ந்து ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் வந்திருக்கான். அவன் மட்டும்தான் மிச்சம். அன்னிக்கு மேய்ச்சலுக்குத் தூரமாப் போயிருந்தானாம்."

"சொல்லுங்க."

"அங்க ஒரு வெள்ளைக்காரர் எட்டு நாள் இருந்தாராம். கால் முறிஞ்சு. ஒரு பொம்பளை வீட்டுல வெச்சுப் பார்த்துக்கிட்டா. அவ புருஷன் கிணத்துப் பாதையில செத்தவன். அப்பவும் பார்த்துக்கிட்டா." தெஸ்ஃபாய் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வானத்துல சத்தம் கேட்டா அவர் தவழ்ந்து தவழ்ந்து கூரைமேல ஏறிடுவாராம். ஒரே வார்த்தையைத்தான் கத்துவாராம். பிள்ளைங்களும் அதைப் பிடிச்சுக்கிட்டு, விமானம் வந்தா அதையே சொல்லிக் கத்துச்சாம். உங்க பாஷையில அதுக்கு 'விமானம்'னு அர்த்தமா, 'கடவுளே'ன்னு அர்த்தமான்னு அவன் கேக்குறான்."

"என்ன வார்த்தை?"

தெஸ்ஃபாய் நிமிர்ந்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒரேஸ்தே தாங்கியிருப்பான்.

"ஒரேஸ்தே," என்றார்.

சட்டை கையிலிருந்து நழுவியது.

"கேப்டன்கிட்ட சொன்னீங்களா?"

"நான் மொழிபெயர்க்கிறவன் ஐயா. என்னைக் கேட்டாத்தான் சொல்லுவேன்." போகத் திரும்பியவர் நின்றார். "அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

ஒரேஸ்தே குனிந்து சட்டையை எடுத்தான். ஆடு மேய்ப்பவன் சொல்லாத ஒன்றும் அவனுக்குத் தெரியும்.

எட்டாவது நாள் அந்தக் கிராமத்தின்மேல் குண்டு போடச் சொல்லி உத்தரவு வந்தது. "நம்ம ஆளுங்க யாரும் அங்க இல்லியே?" என்று கேப்டன் வழக்கத்துக்காகக் கேட்டார். ஒரு சொல் போதுமாக இருந்தது. அதைச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "இல்ல சார்" என்றான் ஒரேஸ்தே. தன் கைகளில் செத்ததாகச் சொன்னவன் அங்கே எப்படி உயிரோடு இருக்க முடியும்?

புது வகைக் குண்டுகள். ஃபிர்மினோவும் மற்றவர்களும் நீண்ட கையுறையும் முகமூடியும் போட்டுத்தான் அவற்றைத் தூக்கி மாட்டினார்கள். அவை பெரிதாக வெடிக்காது. எண்ணெய்போல ஒரு மழை பெய்யும். அழுகிய பூண்டு வாடை அடிக்கும். அவ்வளவுதான். ஒரேஸ்தே தனியாகப் போனான். தாழப் பறந்தான். ஒரு கூரையின்மேல் ஒருவன் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து சட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். விமானத்தின் பக்கத்திலிருந்த எண்ணைப் பார்த்ததும் சட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தான். சுற்றிலும் குழந்தைகள் குதித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னைக் கூட்டிப்போக வந்துவிட்டான் என்று சிரித்தான்.

ஒரேஸ்தே குண்டு விடும் நெம்புகோலை இழுத்தான்.

*

சனிக்கிழமை கேப்டன் ஒரு மாலையோடு வந்தார். கள்ளிப்பூவும் காட்டுத் தழையும் வைத்துக் கட்டி, மூவர்ணப் பட்டி சுற்றிய வளையம்.

"நாளைக்கு விழா. அதுக்கு முன்னாடி ஜெலிந்தோ விழுந்த இடத்துல இதைப் போட்டுட்டு வா. நீதான் போடணும். வேற யாருக்கு உரிமை?" என்று சொல்லி அவன் தோளைத் தட்டினார். கண்கள் கலங்கியிருந்தன. நல்ல மனிதர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "சரி சார்" என்றுதான் வந்தது.

மாலையை ஃபிர்மினோ பின் இருக்கையில் வைத்துக் கட்டினான். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. கீழே இறங்கி, தீக்குச்சியைத் துப்பிவிட்டு, சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

பத்து மணி. மேகமே இல்லை. கீழே பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்குகள், தட்டையான உச்சிகள், அவற்றின்மேல் விமானத்தின் நிழல் ஒரு சின்னச் சிலுவையாகத் தாவித் தாவி வந்துகொண்டிருந்தது. சூடான எண்ணெயின் வாடையும் தோலின் வாடையும் அடித்தன. அவற்றுக்கடியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில், பிறகு சந்தேகத்துக்கு இடமின்றி, அழுகிய பூண்டின் வாடை வந்தது. குழாயில் மூச்சு வந்துகொண்டிருந்தது. உள்ளே. ஒரு விசில். வெளியே. அவனும் தன்னை அறியாமல் அதே தாளத்தில் மூச்சுவிடத் தொடங்கியிருந்தான்.

"இடது பக்கம்," என்றது குழாய்.

உத்தியோகக் குரல். ஜெலிந்தோ வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுகிற அதே சாதாரணக் குரல்.

ஒரேஸ்தேயின் கால் மிதியை அழுத்திற்று. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

"இன்னும் கொஞ்சம். ம். அப்படியே வெச்சுக்க."

"ஜெலிந்தோ." புனல் பின்னால் இருப்பவனிடம்தான் இருந்தது, முன்னால் பேசுவது அங்கே கேட்காது. இருந்தாலும் சொன்னான். எஞ்சின் இரைச்சலுக்குள் கத்திச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். ஜெலிந்தோ கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றதை, கை வழுக்கியதை, கேப்டன் கேட்டதை, தான் 'இல்ல' என்றதை. கூரையைப் பார்த்ததை. பார்த்தும் இழுத்ததை. கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து மலைகள் கரைந்தன. "என்னை மன்னிச்சிடுடா" என்று சொல்ல வந்தான். அந்தச் சொல்லுக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டான்.

குழாய் அமைதியாகக் கேட்டது. பிறகு,

"எறக்கு," என்றது.

அதே புல்வெளி. ஓடுபாதையில் ஒரு கல்கூட இல்லை. யாரோ எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அன்று நாற்பதடிக்குமேல் பொறுக்க ஜெலிந்தோவுக்கு நேரம் இருக்கவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டது. உருண்டது. நின்றது.

எஞ்சினை அவன் நிறுத்தவில்லை. தானாக நின்றது.

அமைதி. சூடான உலோகம் சுருங்குகிற டிக், டிக் சத்தம். ஈ கூட இல்லை. கிராமத்துக் கூரைகள் அப்படியே இருந்தன, எரியவில்லை, இடியவில்லை. சுற்றியிருந்த புல் மட்டும் மஞ்சளாக, சுருண்டு, ஈரம் காய்ந்த முடிபோல் படிந்து கிடந்தது. கள்ளி மரங்கள் கறுத்திருந்தன.

வீடுகளிலிருந்து அவர்கள் வந்தார்கள்.

வெள்ளைச் சால்வைகள். தலையையும் முகத்தையும் சுற்றியிருந்தார்கள். பெண்கள், கிழவர்கள், குழந்தைகள். அவசரம் இல்லை. இன்றைக்கு அவன் நன்றாகப் பார்த்தான். யார் கையிலும் துப்பாக்கி இல்லை. எல்லோர் கையிலும் பானை.

தண்ணீர்ப் பானைகள்.

அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டினார்கள். முன்னால் வந்தவள் இறக்கையின்மேல் காலை வைத்தாள். விமானம் அசையவில்லை. அவள் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். பூண்டு வாடை. பானையைத் தூக்கிப் பின் இருக்கையின் பக்கம் சாய்த்தாள்.

குடிக்கும் சத்தம்.

மடக். மடக். மடக். நெடுநாள் தாகம். நடுவில் மூச்சு வாங்கும் விசில். மறுபடி மடக்.

திரும்பாதே.

காற்று அடித்தது. அவள் சால்வை விலகியது. முகம் இருந்த இடத்தில் கொப்புளம் காய்ந்த தோல். இமைகள் ஒட்டிப்போயிருந்தன. கண் இல்லாமல், பின்னால் குடிப்பவனின் வாயை அவள் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள்.

பானை காலியானது. அவள் அதைக் கீழே புல்லில் வைத்தாள். பிறகு இறங்கவில்லை. அவனைக் கடந்து, பின் இருக்கைக்குள் போனாள்.

அடுத்தவள் வந்தாள். மடக். மடக். பானையைக் கீழே வைத்தாள். பின்னால் போனாள்.

கிழவர். பின்னால் போனார்.

குழந்தைகள். ஒன்று. இரண்டு. ஏழு. அவன் எண்ணுவதை நிறுத்தினான்.

புல்வெளி வெறிச்சோடியது. வெயிலில் பானைகள் மட்டும் வரிசையாக நின்றன.

யாருடைய கையும் படாமல் எஞ்சின் ஓடத் தொடங்கிற்று. ஒரேஸ்தே தொப்பியின் வாரைப் பிடித்து இழுத்தான். அது கழன்று வரவில்லை. காதோடு ஒட்டியிருந்த குழாயில் மூச்சு கேட்டது. விசிலடிக்கும் ஒரு மூச்சு. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, சளி கட்டிய, தோல் உரிந்த, எண்ணிக்கை இல்லாத மூச்சுகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், புனலில் வாயை வைத்து, ஒரு குழந்தை இருமிற்று.